அஞ்சினாள் புகலிடம்



நம்மவர் இல்லங்களில் கதிரவன் மறையுமுன்னே இரவுணவு முடிந்துவிடும். குடிநீரைத் துணியால் வடிகட்டிப் பருகுகிறோம். அரிசியில் தென்படும் வண்டை நசுக்காமல் எடுத்து வெளியே விடுகிறோம். கண்ணுக்குப் புலனாகாத உயிர்க்கும் ஊறு நேரலாகாதென்று இத்துணை விழிப்புடன் வாழும் நம் வீதியில், விளக்கணைந்த பின்னர் ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் அழுகுரல் எழுமானால் நாம் என்ன செய்கிறோம்? சன்னலைச் சாத்துகிறோம். "அது அவர்கள் வீட்டு விவகாரம்" என்று சொல்லிக்கொண்டு படுத்துவிடுகிறோம். மறுநாட்காலை ஜினாலயத்தில் அவ்வீட்டுத் தலைவரையே முன்னிறுத்தி அபிஷேகத்திற்கு அழைக்கிறோம்.

இப்பொருளைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. அது பெருமைக்குரிய தகுதி அன்று.

1981ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் படித்த ஒரு சிறுமியின் தாய், ஒருநாள் பிற்பகல் என் வீட்டிற்கு வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. "டீச்சரம்மா, இன்று இரவு மட்டும் இங்கே இருந்துகொள்ளட்டுமா?" என்று கேட்டார். நான் அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். பொறுமையே பெண்ணுக்கு அணிகலன் என்றேன். குழந்தைகளை நினைத்துப் பாரும்மா என்றேன். பொழுது சாயுமுன் நானே துணையாகச் சென்று அவரை அவ்வீட்டு வாயிலில் விட்டு வந்தேன். நல்லதொரு காரியம் செய்துவிட்டதாக எண்ணி அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

இரண்டு திங்கள் கழித்து, மகளின் படிப்பைப் பற்றிப் பேசப் பள்ளிக்கு வந்த அவரிடம் அருகில் சென்று பேசினேன். அவர் என் கையைப் பிடித்து, "இந்தப் பக்கம் வாருங்கள் டீச்சரம்மா, அந்தக் காது கேட்காது" என்று கூறித் தம் வலப்புறம் என்னை நிறுத்திக்கொண்டார். குறையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த இடச்செவியின் கேள்வி எந்த இரவில் போயிற்று என்று நானும் கேட்கவில்லை. கேட்க அஞ்சினேன்.

நம் அறநூல்கள் குற்றம் நீங்கும் வழியைக் கூறுமிடத்து, ஆலோசனையை முதலில் வைக்கின்றன; செய்த பிழையை மறைக்காமல் எடுத்துரைப்பதே அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காலம் தாழ்த்தி நான் செய்யும் ஆலோசனையாக இக்கட்டுரையைக் கொள்ள வேண்டுகிறேன்.

மூவகை வினை

ஒரு தீவினை மூன்று வழிகளில் நம்மைச் சேர்கிறது: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். கிருதம், காரிதம், அனுமோதனம் என்று வடமொழியில் வழங்கும் இம்மூன்றும் மனம், மொழி, மெய் ஆகிய மூன்றோடும் உறழ்ந்து ஒன்பதாகும். எண்ணுதல், ஆயத்தஞ் செய்தல், தொடங்குதல் என்னும் மூன்று நிலைகளோடும், வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் என்னும் நான்கு கஷாயங்களோடும் மேலும் உறழ்ந்து நூற்றெட்டாகும் என்று தத்துவார்த்த சூத்திரம் கணக்கிட்டுக் காட்டுகிறது.

இக்கணக்கை நாம் பாடசாலையில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆயின் அதை வீதியில் பொருத்திப் பார்த்ததில்லை. கை ஓங்கியவன் செய்தவன். "ஒரு தட்டுத் தட்டினால்தான் அடங்குவாள்" என்று தூண்டிய தாயும் தமக்கையும் செய்வித்தவர். நகை போதவில்லை என்று மருமகளைத் தாய்வீட்டுக்குத் துரத்துவோரிடம் உலோபம் நின்று வேலை செய்கிறது. சுவருக்கு இப்பால் கேட்டும் கேளாதவர்போல் இருந்தோம் அல்லவா, நாம் யார்? தடுக்க இயலாத நிலையில் வருந்தியவர்க்கு அவ்வினை சேராதிருக்கலாம். தடுக்க இயன்றும், கேட்க இயன்றும், ஊராரின் மௌனத்தோடு தம் மௌனத்தையும் சேர்த்துக்கொண்டவர் உடன்பாட்டுக்கு மிக அருகில் நிற்கிறார். என் காப்பியும் என் அறிவுரையும் உடன்பாடே என்று இன்று உணர்கிறேன்.

இஃது ஏதோ ஒரு வீட்டில் நிகழும் அரிய செய்தி அன்று. 2019-21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களுள் 100க்கு 29 பேரும், தமிழ்நாட்டில் 100க்கு 38 பேரும் கணவரின் வன்முறைக்கு ஒரு முறையேனும் ஆளானவர்கள். நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களுள் உதவி நாடியவர் 100க்கு 14 பேரே. ஏனையோருள் மிகப் பெரும்பாலோர் எவரிடமும் வாய் திறக்கவே இல்லை. நம் ஊர்களில் இத்தகைய முறையீடு வருவதில்லையே என்று மகிழும் பெரியோர், அந்த 14 என்ற எண்ணைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐந்து அதிசாரங்கள்

இல்லறத்தார்க்குரிய அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கவொண்ணாச் சுமையை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. கால்நடைகளையும் நம்மை அண்டி வாழ்வோரையும் மனத்திற்கொண்டு உரையாசிரியர்கள் இவற்றை விளக்குவர். உழவு மாட்டை மிகுதியாக அடித்தாலே விரதம் பழுதுபடும் என்றால், உடன் வாழும் மனைவிக்கும், மருமகளுக்கும், முதிய தாய்க்கும் அவ்விரதத்தில் விலக்கு உண்டோ?

2005ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தை நான் முதன்முறை படித்தபோது எனக்கு இவ்வைந்து அதிசாரங்களே நினைவுக்கு வந்தன. உடலைத் துன்புறுத்துவது மட்டுமன்றி, சொல்லாலும் இழிவாலும் மனத்தைப் புண்படுத்துவது, பாலியல் கொடுமை, செலவுக்குப் பணமும் உணவும் மறுப்பது, அவளுடைய நகையையும் சம்பளத்தையும் பறிப்பது ஆகிய யாவற்றையும் அச்சட்டம் வன்முறை என்கிறது. மனைவிக்கு மட்டுமன்றி, ஒரு குடும்பத்தில் சேர்ந்து வாழும் தாய், சகோதரி, மகள், விதவை ஆகியோர்க்கும் அது காப்பளிக்கிறது. துன்புறுத்துபவர் பெண்ணாயினும் அவர்மீதும் முறையிடலாம் என்பது 2016இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் தெளிவாயிற்று.

கௌசாம்பி வீதியில்

வைசாலி மன்னர் சேடகரின் மகள் சந்தனையின் வரலாற்றை நாம் அறிவோம். பகவான் மகாவீரரின் அன்னைக்குத் தங்கை; எனவே பகவானுக்குச் சின்னம்மை முறை. கடத்திச் செல்லப்பட்டுப் பல இன்னல்களுக்குப் பின் கௌசாம்பி நகரத்து வணிகர் ஒருவரின் இல்லத்தை அடைந்தாள். அவ்வணிகரின் மனைவி வீண் ஐயங்கொண்டு அவளைச் சங்கிலியால் பிணித்து, மண்சட்டியில் வரகுச் சோற்றை இட்டு வருத்தினாள். ஐந்து அதிசாரங்களுள் முதலும் இறுதியும் அவ்வீட்டில் நாள்தோறும் நிகழ்ந்தன. அந்நகரம் பெருநகரம். அண்டை வீடுகள் இல்லாமல் இருந்திரா. அந்நகரத்து அரசி மிருகாவதியோ சந்தனையின் உடன்பிறந்த தமக்கை! ஒரே ஊரில் தமக்கை அரியணையிலும் தங்கை விலங்கிலும் இருந்தனர்; தமக்கைக்குச் செய்தி எட்டவில்லை.

ஆகாரத்திற்கு எழுந்தருளிய பகவான் அவ்வாயிலில் நின்றார். விலங்கு கழன்றது, வரகுச் சோறு தூய அன்னமாயிற்று. அவளே பின்னர்ப் பகவானின் சங்கத்தில் 36,000 ஆரியாங்கனைகளுக்குத் தலைவியானாள். இவ்வரலாற்றை நாம் ஆகார தானத்தின் மகிமையைக் கூறவே எடுத்தாளுகிறோம். நான் அதில் வேறொன்றையும் காண்கிறேன். விலங்கிட்ட பெண் இருந்த வாயிலைப் பிறரெல்லாம் கடந்து போயினர். பகவான் அங்கே நின்றார். நாம் அவருடைய வழியினர் என்றால், நிற்க வேண்டிய வாயில் எது என்பதில் ஐயம் இருக்கலாகாது.

நாம் கூறும் நான்கு காரணங்கள்

நின்று கேட்காமைக்கு நாம் சில காரணங்கள் கூறுகிறோம். அவற்றுள் பல அறத்தின் ஆடையையே போர்த்திக்கொண்டு வருவதால் அவற்றைத் தனித்தனியே ஆராய்வது நலம்.

"அது அவளுடைய பூர்வ வினை" என்பது ஒன்று. காய்ச்சலும் வினைப்பயன்தான், அதற்காக நாம் மருந்து தராமல் இருப்பதில்லை. ஔடத தானத்தை அறமென்றே போற்றுகிறோம். அவளது பழவினை எதுவாயினும், அடிப்பவன் இன்று புதுவினையைக் கட்டிக்கொள்கிறான். அவனைத் தடுப்பது அவனுக்கும் செய்யும் நன்மையே.

"உத்தம க்ஷமை, மன்னித்து வாழட்டும்" என்பது இரண்டாவது. மன்னிப்பு, புண்பட்டவள் தன் உள்ளத்திலிருந்து தரவேண்டியது. பஞ்சாயத்தில் பெரியோர் சூழ உட்கார்ந்து அவளிடமிருந்து கேட்டு வாங்குவது க்ஷமை ஆகாது. பிழை செய்தவன் முதலில் அதை ஒப்புக்கொள்ள வேண்டும், வருந்த வேண்டும், மீண்டும் செய்யேன் என்று உறுதி கொண்டு அதன்படி ஒழுக வேண்டும். இம்மூன்றும் இன்றிச் செய்துவைக்கும் சமரசம், அவளை மீண்டும் அதே அறையில் அடைப்பதாகவே முடியும்.

"சமுதாயத்தின் மானம் போய்விடும்" என்பது மூன்றாவது. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம் என்னும் அறப்பழி நீக்கல் ஒன்று. அறியாதவராலும் ஆற்றலற்றவராலும் தூய நெறிக்கு நேரும் பழியை நீக்குதல் என்பதே அதன் பொருள். குற்றம் புரிந்தவனுக்குத் திரைபிடித்தல் என்று அதற்குப் பொருள் இல்லை. அதற்கு அடுத்த அங்கமாகிய ஸ்திதிகரணம், அஃதாவது அழிந்தாரை நிறுத்தல், தடுமாறியவரைத் தாங்கிப் பிடிக்கச் சொல்கிறது. மூடி மறைத்து வைத்த வன்முறை ஒருநாள் மருத்துவமனையிலோ காவல் நிலையத்திலோ வெளிப்படும்போதுதான் நெறிக்குப் பழி வருகிறது.

"குடும்ப விஷயத்தில் அயலார் தலையிடலாமா?" என்பது நான்காவது. அஸ்தினாபுரத்தில் அகம்பனாசாரியர் முதலாகிய 700 முனிவர்களைச் சூழப் பலி என்னும் அமைச்சன் தீயும் புகையும் மூட்டியபோது, அரசனாகிய பதுமன், ஏழு நாள் ஆட்சியை அவனுக்குக் கொடுத்துவிட்டேன், என்னால் இயலாது என்று ஒதுங்கினான். அவன் தம்பியாகிய விஷ்ணுகுமார முனிவரோ, தம் முனிக்கோலத்தையே விட்டு வந்து அவர்களைக் காத்தார். பின்னர்ப் பிராயச்சித்தம் கொண்டு மீண்டும் நெறியில் நின்றார். உற்றாரையும் உலகையும் துறந்தவரே தலையிட்டார் என்றால், இல்லறத்தில் இருக்கும் நாம் ஒதுங்குவது எவ்வாறு பொருந்தும்? புகையால் தொண்டை புண்பட்ட முனிவர்க்கு, அவர்கள் எளிதில் விழுங்குமாறு ஊரார் மென்மையான உணவு சமைத்து இட்டனர் என்றும் கூறுவர். காப்பாற்றியதோடு கடமை முடிந்துவிடவில்லை. அவர் நிலையறிந்து பேணுவதும் அதன் பகுதியே.

நம்மிடம் இருந்த வழக்கம்

நால்வகைத் தானங்களுள் அபய தானம் ஒன்று. முற்காலத்தில் அச்சங்கொண்டு ஓடிவந்தவர்க்கு அடைக்கலம் தரச் சமணர் தனியிடங்கள் அமைத்திருந்தனர் என்றும், அவை கோயில்களை அடுத்து இருந்தன என்றும், 'அஞ்சினான் புகலிடம்' என்ற பெயரால் அவை வழங்கின என்றும் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் அச்சொல் இடம்பெற்றுள்ளது. என்ன அழகான சொல்! ஓடி வந்தவன் எந்த ஊர், எந்தக் குலம், அவன்மீது பிழை உண்டா என்ற வினாக்கள் அப்பெயரில் இல்லை. அஞ்சினான், அதுவே போதும். அன்று என் வாயிலில் நின்றவரும் அஞ்சித்தான் வந்தார்.

நம் காலத்தில் பிற சமுதாயத்தாரும் இவ்வழியில் முயன்றிருக்கின்றனர். புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் அம்மையாரின் முயற்சியால், ஆண்கள் மட்டுமே கூடிப் பெண்களின் வழக்கைத் தீர்த்துவந்த ஜமாத்துக்கு மாற்றாக, 2004இல் பெண்களே ஒரு ஜமாத்தை அமைத்தனர். தம் துன்பத்தைத் தாமே எடுத்துரைக்க ஓர் அவை கிடைத்ததும் பல மாவட்டங்களிலிருந்து பெண்கள் அதனை நாடி வந்தனர். நம் ஊர்க் கூட்டங்களில் ஒரு பெண்ணின் வாழ்வைப் பற்றி முடிவு செய்யும்போது அங்கே எத்தனை பெண்கள் அமர்ந்திருக்கின்றனர் என்பதை நாமும் எண்ணிப் பார்க்கலாம்.

2008இல் 'பெல் பஜாவோ', அஃதாவது 'மணியை அடியுங்கள்' என்றொரு இயக்கம் நாட்டில் தொடங்கியது. அடிக்கும் ஓசை கேட்டால், அவ்வீட்டின் அழைப்பு மணியை அடித்து ஏதேனும் ஒரு சிறு பொருளைக் கேளுங்கள் என்பதே அதன் வேண்டுகோள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீதியில் ஓர் இளம்பெண்ணின் வீட்டில் அத்தகைய ஓசை கேட்டபோது நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து சென்று கதவைத் தட்டினோம். "பாலுக்கு உறை ஊற்றக் கொஞ்சம் மோர் வேண்டும்" என்றோம். வேறெதுவும் பேசவில்லை, விரைவில் திரும்பவும் இல்லை. வெளியே ஆட்கள் விழித்திருக்கின்றனர் என்பது உள்ளே இருந்த இருவருக்கும் தெரிந்தது. அன்று ஓசை அடங்கிற்று. அப்பெண் எங்களிடம் பேசத் தொடங்க மேலும் மூன்று மாதம் ஆயிற்று. தாய்வீடு சென்றாள், திரும்பினாள், மீண்டும் சென்றாள், மீண்டும் திரும்பினாள். நாங்கள் கடிந்துகொள்ளவில்லை. அவளுடைய ஆதார் அட்டையும், வங்கிப் புத்தகமும், குழந்தையின் பிறப்புச் சான்றும் ஒரு துணிப்பையில் என் பீரோவில் இருந்தன. அவள் முடிவெடுத்த நாளில் 181 என்னும் எண்ணுக்கு அவளே பேசினாள். நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். இன்று நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணையோடு தன் குழந்தையுடன் அதே வீட்டில் வாழ்கிறாள்.

செய்யத் தக்கவை

ஒவ்வோர் ஊரிலும் நம்மால் செய்யக்கூடியவை சிலவற்றைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, நம்புதல். ஒரு பெண் வாய் திறந்தால் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள். "இன்றிரவு நீ பாதுகாப்பாக இருக்கிறாயா?" என்று கேளுங்கள். கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்கார வைத்து விசாரிக்காதீர்கள்; வீடு திரும்பியதும் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் அடிபட நேரும். அவள் பிரிந்து செல்லும் காலமே ஆபத்து மிகுந்த காலம். எனவே அவள் இருக்குமிடத்தை, உறவினரே கேட்டாலும், சொல்லாதீர்கள்.

இரண்டாவது, அறிதல். 181 மகளிர் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்தெனில் 112. தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் உள்ளன. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். மருத்துவம், சட்ட உதவி, ஆற்றுப்படுத்துதல், சில நாள் தங்குமிடம் ஆகியவற்றை ஒரே இடத்தில் தருவதற்கு 'சகி' என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருக்கின்றன. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. வீடு கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருப்பினும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையைச் சட்டம் அவளுக்கு அளிக்கிறது. கொடுமைக்கான தண்டனைப் பிரிவு 1983 முதல் 498ஏ என வழங்கிவந்தது; 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாக உள்ளது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: வன்முறை நிகழ்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும், அயலாராயினும், பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம், நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது அதற்காக எந்த வழக்கும் நிற்காது என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கூறுகிறது. இனி அயலார் தலையிடலாமா என்று எவரும் கேட்க வேண்டுவதில்லை.

மூன்றாவது, அமைத்தல். ஊருக்கு மூன்று பெண்கள், இரகசியம் காப்பவர், இதற்கெனப் பொறுப்பேற்கட்டும். ஜினாலயத்தில் பெண்கள் கால் கழுவும் இடத்தருகே 181 என்ற எண்ணை எழுதி வையுங்கள். வந்தவளுக்குச் சில நாள் தங்க இடமும், குழந்தைக்குப் பள்ளியும், அவளுக்கு ஒரு தொழிலும் கிடைக்கச் செய்வது தனியொருவரால் இயலாது. ஊர் சேர்ந்தால் இயலும். விழாக்களுக்கு நாம் திரட்டும் நிதியில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

நான்காவது, ஆடவரைத் திருத்துதல். இதை ஆடவரே செய்ய வேண்டும். அடிப்பவன் என்று அறிந்த ஒருவருக்கு, அவர் பிழையை ஒப்புக்கொண்டு திருந்தும்வரை, ஆலய முதன்மையும் மேடை மரியாதையும் தரவேண்டாம். ஒரு நண்பன் தனியே அழைத்து, "உன் வீட்டு ஓசை எனக்குக் கேட்கிறது" என்று சொல்லும் சொல்லுக்குப் பல கூட்டங்களின் தீர்மானத்தினும் வலிமை உண்டு. நம் பிள்ளைகளுக்குச் சிற்றுயிரிடம் காட்டும் இரக்கத்தைக் கற்பிக்கும் அதே வயதில், தங்கையின்மீது கை ஓங்கலாகாது என்பதையும் அணுவிரதத்தின் பாடமாகவே கற்பிப்போம்.

அன்று என் வீட்டிற்கு வந்தவர் இன்று உயிருடன் இல்லை. அவருடைய மகள், என் மாணவி, இப்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். சென்ற ஆண்டு ஒரு திருமணத்தில் அவளைக் கண்டு, அன்று நடந்ததைக் கூறி மன்னிப்புக் கேட்டேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்று நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் டீச்சர், நீங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்" என்றாள். அவ்வளவே. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அதை அவளிடம் கேட்டு வாங்க எனக்கு உரிமையும் இல்லை.

இன்று மாலை உணவு முடித்துக் கதவைச் சாத்தும்போது, சிராவக, சிராவகியரே, ஒரு கணம் நின்று வீதியைக் கேளுங்கள். எவரேனும் அஞ்சி வந்து தட்டினால், காரணம் கேட்குமுன் கதவைத் திறங்கள்.

அறம் வாழ்க!